ஜெபிக்கும் வீடு யார் பெயரில்?

விசுவாசத்தை நடுவில் வைத்து ஒரு வீட்டை நடத்துவது எப்படி? திருமண ஆராதனைப் பிரசங்கங்களிலும், பெண்கள் ஐக்கிய சங்கக் கூட்டங்களிலும், பங்கு அளவிலான தியானங்களிலும் இந்தக் கேள்வி தமிழ்க் கிறிஸ்தவர்களிடையே ஏறக்குறைய மூன்று நூற்றாண்டாகக் கேட்கப்பட்டு வருகிறது. விடைகள் காலத்துக்குக் காலம் மாறியிருக்கின்றன. கேட்கப்படும் ஆள் மட்டும் மாறவில்லை. பிள்ளைகள் வேதம் வாசிக்கவில்லையென்றால் தாயைக் கேட்பார்கள்; இரவு ஜெபம் நின்றுபோனால் மனைவியைக் கேட்பார்கள்.

2011 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் கிறிஸ்தவர்கள் சுமார் 44 லட்சம் பேர், மக்கள்தொகையில் 6.12 சதவீதம். இவர்களில் தென்மாவட்டத்து மூன்றாம், நான்காம் தலைமுறைக் குடும்பங்கள் உண்டு. கோவளத்து மீனவர்கள் உண்டு. செங்கல்பட்டுக் கிராமங்களின் தலித் கிறிஸ்தவர்களும், தொழிற்சாலை வேலைக்காக மறைமலைநகருக்குக் குடிவந்த இளம் தம்பதியரும் உண்டு. இவர்கள் எல்லோருக்கும் ஒரே இல்லற இலக்கணம் பொருந்துமா என்பதிலிருந்துதான் சிக்கல் தொடங்குகிறது.

வேதத்தில் இரண்டு வகை வீடு

மரபான விடை எபேசியர் 5, கொலோசெயர் 3, முதலாம் பேதுரு 3 ஆகிய அதிகாரங்களிலிருந்து எழுகிறது. மனைவி கணவனுக்குக் கீழ்ப்படிய வேண்டும், கணவன் மனைவியிடத்தில் அன்புகூர வேண்டும் என்பது அவற்றின் சாரம். தீத்து 2 இளம்பெண்களின் வீட்டுக் கடமையையும் சேர்த்துச் சொல்கிறது. இந்த வாசிப்பின் பலம் அதன் தெளிவு. பலவீனமும் அதே பகுதிகளுக்குள்ளேயே இருக்கிறது. கணவன் மனைவி, தகப்பன் பிள்ளை, எஜமான் அடிமை என்ற வரிசை அரிஸ்டாட்டிலின் 'அரசியல்' நூலிலேயே உண்டு. அக்கால கிரேக்க, ரோமானிய வீட்டின் சட்டகம் அது. அடிமைக்குச் சொன்னதை என்றைக்குமான விதி என்று இன்று எந்தச் சபையும் போதிப்பதில்லை. அடுத்த வரியில் மனைவிக்குச் சொன்னது மட்டும் ஏன் மாறாத விதியாக வேண்டும் என்ற கேள்விக்கு மரபு வாசிப்பாளர்கள் தரும் விடை, ஆண் பெண் ஒழுங்கு படைப்பிலேயே வைக்கப்பட்டது என்பது. அந்த விடையை ஏற்பவர்களும் உண்டு, ஏற்காதவர்களும் உண்டு.

அதே புதிய ஏற்பாட்டில் வேறொரு வீடும் இருக்கிறது. பிலிப்பி பட்டணத்தில் இரத்தாம்பரம் விற்ற லீதியாள் தன் வீட்டைப் பவுலுக்குத் திறந்துவிட்டாள். நிம்பாவின் வீட்டில் சபை கூடியது. பிரிஸ்கில்லாளும் அவள் கணவனும் கூடாரத் தொழில் செய்துகொண்டே சபை நடத்தினார்கள். நீதிமொழிகள் 31-இல் வரும் குணசாலியான பெண் வயலை விசாரித்து வாங்குகிறாள், திராட்சைத் தோட்டம் நடுகிறாள், நெய்த துணியை வியாபாரிக்கு விற்கிறாள். அன்னையர் தினச் செய்திகளில் அவள் விடியுமுன் எழுந்திருப்பது அடிக்கடி சொல்லப்படுகிறது. வயல் வாங்கியது அவ்வளவாகச் சொல்லப்படுவதில்லை.

ஆனால் இந்த இரண்டாவது வாசிப்பைத் தூக்கிப்பிடிப்பவர்களும் ஒன்றைக் கடந்துபோகிறார்கள். நீதிமொழிகள் காட்டும் பெண்ணுக்கு வேலைக்காரிகள் இருக்கிறார்கள். லீதியாள் விலையுயர்ந்த சரக்கு விற்ற வியாபாரி, வீட்டாரோடு ஞானஸ்நானம் பெற்றவள். அந்த வேலைக்காரிகளின் வீட்டில் யார் ஜெபம் நடத்தினார்கள் என்பது எங்கும் எழுதப்படவில்லை.

தரங்கம்பாடியிலிருந்து சிந்தாதிரிப்பேட்டைக்கு

1706-இல் தரங்கம்பாடிக்கு வந்த மிஷனரி சீகன்பால்குவின் கையில் ஒரு ஜெர்மானிய மாதிரி இருந்தது. 1529-இல் லூத்தர் வெளியிட்ட சிறிய ஞானோபதேசம், வீட்டுத் தலைவன் தன் குடும்பத்துக்கு விசுவாசப் பாடத்தை எளிமையாகக் கற்பிக்க வேண்டும் என்ற எண்ணத்தில் எழுந்தது. வீடே முதல் பள்ளி, தகப்பனே முதல் உபதேசியார். தமிழ் மண்ணில் அது அப்படியே வேர்பிடிக்கவில்லை. தகப்பன்மாரில் பலர் எழுத்தறியாதவர்கள், அல்லது கிறிஸ்தவர்களே அல்லர். 1707-இலேயே தரங்கம்பாடியில் பெண்பிள்ளைகளுக்குப் பள்ளி திறக்கப்பட்டது. எழுத்து வீட்டுக்குள் நுழைய மகள் ஒரு வழியானாள்.

தெற்கே நடந்தது இன்னும் வியப்பானது. தஞ்சையைச் சேர்ந்த பிராமண விதவை ஒருவர், லிட்டில்டன் என்ற ஆங்கிலேய அதிகாரியோடு வாழ்ந்தவர், ஞானஸ்நானம் கேட்டார். மணமாகாத உறவு நீடிக்கும்வரை தர முடியாது என்று மிஷனரி ஷ்வார்ட்ஸ் மறுத்தார். அதிகாரியின் மறைவுக்குப் பிறகு 1778-இல் குளோரிந்தா என்ற பெயரோடு அவர் ஞானஸ்நானம் பெற்றார். 1780-இல் பாளையங்கோட்டைச் சபைப் பதிவேட்டில் இருந்த நாற்பது பேரில் முதல் பெயர் அவருடையது. 1785-இல் எழுந்த கோயிலும் அவர் முயற்சியே. இல்லற இலக்கணத்தின்படி 'வீடு' இல்லாத ஒரு பெண்ணே திருநெல்வேலித் திருச்சபையின் தொடக்கத்தில் நிற்கிறார். பிற்காலத்து இல்லறப் புத்தகங்கள் இந்த உண்மையை எங்கே வைப்பது என்று தெரியாமல் விட்டுவிட்டன.

19-ஆம் நூற்றாண்டில் விக்டோரியா காலத்து ஆங்கில வீடு மாதிரியாக வந்து சேர்ந்தது: சுத்தமான கூடம், தையல் வேலை, வாசிக்கத் தெரிந்த மனைவி, மாலையில் குடும்ப ஜெபம். நாகர்கோவிலில் மார்த்தா மால்ட் 1820-களில் தொடங்கிய லேஸ் பின்னல் பள்ளியும், இடையன்குடியில் எலைசா கால்டுவெல் அதே தொழிலை வளர்த்ததும் இந்த மாதிரியின் பகுதிகள். லேஸ் வீட்டில் உட்கார்ந்து செய்யும் வேலை. அதன் கூலி பெண்ணின் கைக்கே வந்தது. அடிமைக் குடும்பத்துப் பெண்கள் சிலர் அந்தக் கூலியைக் கொண்டு தங்கள் விடுதலையை வாங்கியதாக மிஷன் வரலாறுகள் சொல்கின்றன. அடக்கமான மனைவிமாரை உருவாக்கப் புறப்பட்ட பள்ளி, சொந்த வருமானமுள்ள பெண்களையும் உருவாக்கிவிட்டது.

சென்னையில் இந்த மாதிரிக்குத் தமிழ் முகம் கொடுத்தவர் அன்னா சத்தியநாதன். சிந்தாதிரிப்பேட்டை சீயோன் ஆலயப் போதகர் டபிள்யூ.டி. சத்தியநாதனின் மனைவி. பெண்பள்ளிகள் நடத்தினார், 'நல்ல தாய்' என்ற பெயரில் பிள்ளை வளர்ப்பு நூல் எழுதினார். அந்தக் குடும்பத்து மருமகள் கிருபாபாய் சத்தியநாதன் (1862–1894) 1878-இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து, உடல்நலம் குன்றியதால் படிப்பை விட்டு, கிறிஸ்தவ வீட்டில் வளரும் பெண்ணின் மனத்தை 'சகுணா' நாவலில் எழுதினார். அதே குடும்பத்துக் கமலா சத்தியநாதன் 1901-இல் சென்னையிலிருந்து பெண்களுக்கான ஆங்கில மாத இதழைத் தொடங்கினார். ஒரே குடும்பத்தின் மூன்று பெண்களிடம் 'நல்ல தாய்' என்ற எண்ணம் எவ்வளவு தூரம் நகர்ந்தது என்பது தனியாக ஆராயத்தக்கது.

இந்த மாதிரியை ஆராய்ந்த எலைசா கென்ட், 2004-இல் வெளிவந்த தம் நூலில், மதம் மாறிய பெண்களுக்குக் கிறிஸ்தவ இல்லறம் சமூக மதிப்பு தேடும் வழியாகவும் இருந்தது என்று காட்டுகிறார். ரவிக்கை அணிவது, வயல்வேலையிலிருந்து விலகுவது, வீட்டைத் துப்புரவாக வைப்பது எல்லாம் சாதிப் படிநிலையில் கீழே தள்ளப்பட்டவர்கள் மரியாதைக்குரியவர்களாக எழும் படிகள். இந்த வாசிப்பு பெண்களை வெறும் பொம்மைகளாகப் பார்ப்பதில்லை. அதன் வலிமை அது. ஆனால் மரியாதையின் விலையாக வெளியுலகை விட்டுக்கொடுக்க வேண்டியிருந்ததா என்ற கேள்வி அதற்குள்ளேயே இருக்கிறது. அந்த விலையைக் கொடுக்கவும் முடியாதவர்கள் செங்கல்பட்டில் இருந்தார்கள்.

மனை இல்லாதவரின் இல்லறம்

1891 அக்டோபரில் செங்கல்பட்டு மாவட்ட ஆட்சியர் பொறுப்பிலிருந்த ஜே.எச்.ஏ. டிரெமென்ஹீர், மாவட்டத்துப் பறையர் நிலை குறித்து அரசுக்கு ஒரு குறிப்பு அனுப்பினார். கிறிஸ்தவ இல்லறம் பற்றிய புத்தகங்களில் அந்தக் குறிப்பு இடம்பெறுவதில்லை. ஆனால் இந்தப் பகுதியில் இல்லறத்தைப் பேச அதைவிட முக்கியமான ஆவணம் குறைவு. சேரியில் குடியிருந்தவர்களுக்குத் தாங்கள் வாழ்ந்த குடிசையின் மனை சொந்தமில்லை என்பது அதன் மையமான கண்டறிதல்களில் ஒன்று. மனைமீதும் பரம்பரை நில உரிமையாளரான மிராசுதார் உரிமை கொண்டாடினார். மனம் வைத்தால் வெளியேற்றினார். புறம்போக்கு நிலம் கேட்டுத் தரக்காஸ்து என்ற விண்ணப்பம் போட்டாலும் முதல் உரிமை மிராசுதாருக்கே. படியாளாக உழைத்தவன் எதிர்த்துப் பேசினாலோ, மிஷன் பள்ளிக்குப் பிள்ளையை அனுப்பினாலோ, முதலில் ஆட்டம் காண்பது கூரை.

அந்தக் காலத்தில் செங்கல்பட்டில் ஸ்காட்லாந்து சுயாதீனத் திருச்சபையின் மிஷனரியாக இருந்த ஆடம் ஆண்ட்ரூ, திருவள்ளூரில் இருந்த வெஸ்லியன் மிஷனரி வில்லியம் கௌடி ஆகியோர் இந்த நிலவரத்தை அரசின் கவனத்துக்குக் கொண்டுபோனவர்களில் முன்நின்றவர்கள். 1892-இல் பிறந்த அரசாணைதான் பின்னாளில் பஞ்சமி நிலம் என்று அழைக்கப்பட்ட, ஒடுக்கப்பட்டோருக்கான ஒதுக்கீட்டுக்கு அடிப்படை. மாகாணம் முழுவதும் 12 லட்சம் ஏக்கர் அவ்வாறு ஒதுக்கப்பட்டதாகப் பொதுவாகச் சொல்லப்படுகிறது. சிங்கபெருமாள்கோயில் பக்கம் இன்றும் இருக்கும் மெல்ரோசாபுரம், ஆண்ட்ரூவின் முயற்சியில் எழுந்த குடியிருப்பு. இன்றைய மறைமலைநகரிலிருந்து அதிக தூரமில்லை.

இந்த வரலாற்றை 2014-இல் விரிவாக எழுதிய ரூபா விஸ்வநாத் முன்வைக்கும் வாதம் இங்கே பொருந்துகிறது. மிஷனரிகள் ஆத்துமக் காரியத்தையும் வயிற்றுக் காரியத்தையும் பிரித்தே பார்க்கப் பழகியவர்கள். தலித் மக்கள் அப்படிப் பிரிக்கவில்லை. அவர்களுக்கு ஞானஸ்நானமும் மனையும் பள்ளியும் சேர்ந்தே வந்த ஒரு புது உறவு. அதை 'சோற்றுக்கு மாறியவர்கள்' என்று ஏளனம் செய்தவர்கள், சோறும் கூரையும் உறுதியில்லாத இடத்தில் குடும்ப ஜெபம் எந்தத் திண்ணையில் நடக்கும் என்று யோசித்ததில்லை.

நாற்று நடவுக்கு விடியுமுன் போய் இருட்டிய பிறகு திரும்பும் பெண்ணுக்கு, மாலை விளக்கேற்றி அமைதியாக வேதம் வாசிக்கும் தாயின் படம் எட்டாத ஒன்று. கிராமச் சபைகளில் அந்த இடத்தை நிரப்பியது பெரும்பாலும் ஊர் ஜெபம். வேலை முடிந்து எல்லோரும் திரும்பியதும் உபதேசியார் மணியடிப்பார். பள்ளியாகவும் கோயிலாகவும் இருந்த ஒரே கட்டடத்தில் தாய்மார் கைக்குழந்தையோடு உட்காருவார்கள். பாட்டும் பத்துக் கற்பனைகளும் வாய்ப்பாடமாகவே இறங்கும். சேரி முழுதும் ஒரு வீடு போல ஜெபித்த அந்த வழக்கத்தை இல்லறத்தின் குறைபாடாகப் பதிவு செய்வது நியாயமல்ல. அதுவும் விசுவாச இல்லற வடிவங்களில் ஒன்று, ஒருவேளை ஆதிச் சபைக்கு மிக நெருக்கமான ஒன்று.

நிலத்தின் கதை 1892-இல் முடியவில்லை. பஞ்சமி நிலங்கள் பல வழிகளில் கைமாறின. மாமல்லபுரம் பக்கத்துக் காரணை கிராமத்தில் எழுந்த நில மீட்புப் போராட்டத்தை ஒட்டி 1994 அக்டோபர் 10 அன்று நடந்த போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் ஜான் தாமஸ், ஏழுமலை இருவரும் உயிரிழந்தனர். ஒரு கிறிஸ்தவப் பெயரும் ஒரு இந்துப் பெயரும் ஒரே நிலத்துக்காக.

நிலத்தோடு சாதிச் சான்றிதழின் சிக்கலும் சேர்ந்துகொண்டது. 1950-இன் குடியரசுத் தலைவர் ஆணை பட்டியல் சாதித் தகுதியை இந்துக்களுக்கு மட்டும் தந்தது. 1956-இல் சீக்கியரும் 1990-இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டனர். கிறிஸ்தவர் இன்றுவரை வெளியே. தமிழ்நாட்டில் மதம் மாறிய ஆதிதிராவிடர் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் இருக்கிறார்கள். இதனால் ஒரே வீட்டில் ஞானஸ்நானப் பெயர் ஒன்றும் சான்றிதழ்ப் பெயர் வேறொன்றுமாக வாழ நேர்கிறது. பிள்ளைக்குப் பொய் சொல்லாதே என்று கற்பிக்கும் தாய், பள்ளிச் சேர்க்கைப் படிவத்தில் மதம் என்ற கட்டத்துக்கு எதிரே பேனாவை நிறுத்திவைத்து யோசிக்க வேண்டியிருக்கிறது. விசுவாச இல்லறம் பற்றிய எந்தக் கையேடும் அவளுக்கு உதவுவதில்லை.

கடற்கரையின் விடை

கத்தோலிக்க மரபு வேறொரு பாதையில் வந்தது. வீட்டைச் சிறிய திருச்சபை ஆக்குங்கள் என்ற அழைப்பு நான்காம் நூற்றாண்டில் யோவான் கிறிசோஸ்தோமின் மறையுரைகளிலேயே உண்டு. 1964-இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் திருச்சபை பற்றிய கோட்பாட்டு விளக்கத்தில் குடும்பத்தை இல்லத் திருச்சபை என்று பேசியது. 1981-இல் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் அதை விரித்தார். 2016-இல் திருத்தந்தை பிரான்சிஸ், குறைகளோடு வாழும் குடும்பங்களையும் அந்தக் கூரைக்குள் சேர்த்துப் பேசினார். இந்த மரபில் பொறுப்பு தம்பதி இருவருக்கும் சொல்லப்படுகிறது. நடைமுறையில் செபமாலையைக் கையில் எடுப்பது யார் என்பது தமிழ் வீடுகளில் எல்லோருக்கும் தெரிந்ததே.

கோவளம் கார்மேல் அன்னை ஆலயம் முதல் அச்சிறுபாக்கம் மழை மலை மாதா திருத்தலம் வரை பரவிய இந்தப் பகுதி 2002-இல் செங்கல்பட்டு மறைமாவட்டமாகத் தனித்தது. தமிழ்நாட்டுப் பங்குகளில் வேர்விட்ட அன்பியங்கள் இங்கே கவனிக்கத்தக்கவை. பத்து இருபது குடும்பங்கள் முறைவைத்து ஒரு வீட்டில் கூடி வாசகம் கேட்டு, பகிர்ந்து, செபித்துக் கலைகின்றன. கடற்கரைக் குப்பங்களில் ஆண் கடலுக்குப் போகும் நேரமும் வரும் நேரமும் அலையையும் காற்றையும் பொறுத்தவை. கரையில் ஏலம் எடுத்து, அன்னக்கூடையில் மீன் ஏற்றி, ஷேர் ஆட்டோவில் இடம் பிடித்து, தெருத்தெருவாக விற்று வருவது பெண். வீட்டுப் பணத்தை ஆள்வதும் பெரும்பாலும் அவளே. இங்கே 'வீட்டில் இருக்கும் மனைவி' என்ற உருவம் எப்போதுமே பொருந்தியதில்லை.

2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பின் அரசு கொள்கையாக எடுத்த ஒரு முடிவு இந்தக் கேள்வியில் அமைதியாக ஒரு அடி முன்னே வைத்தது. கட்டித்தரப்பட்ட வீடுகளின் உரிமை கணவன் மனைவி இருவர் பெயரிலும் இருக்க வேண்டும் என்பது அது. இல்லத் திருச்சபை என்ற இறையியலுக்கும் கூட்டுப் பட்டா என்ற வருவாய்த் துறைத் தாளுக்கும் உள்ள தொடர்பை மறையுரைகள் இன்னும் போதிய அளவு பேசவில்லை என்றே தோன்றுகிறது.

தனியே நம்புகிறவள்

இதுவரை சொன்ன விடைகள் எல்லாம் குடும்பமே விசுவாசத்தில் இருப்பதாக வைத்துக்கொண்டு பேசுகின்றன. வடதமிழ்நாட்டில் அது பொதுவிதி அல்ல. வீட்டில் ஒருத்தி மட்டும் நம்புகிறாள். மற்றவர்கள் குலதெய்வக் கோயிலுக்குப் பொங்கல் வைக்கப் போகிறார்கள். சென்னை குருகுல் லூத்தரன் இறையியல் கல்லூரியில் பணியாற்றிய ஹெர்பர்ட் ஹோஃபர், ஞானஸ்நானம் பெறாமலே கிறிஸ்துவை வழிபடுவோர் சென்னையிலும் கிராமங்களிலும் கணிசமாக இருப்பதை 1980-களில் ஆராய்ந்து எழுதினார். அவர்களில் பெண்கள் நிறைய. சிவகாசிப் பகுதியில் 20-ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் வெளியே இந்து இல்லத்தரசிகளாகவும் உள்ளே கிறிஸ்தவர்களாகவும் வாழ்ந்த பெண்களைப் பற்றி எலைசா கென்ட்டே ஒரு கட்டுரை எழுதியிருக்கிறார்.

முதலாம் கொரிந்தியர் 7-ஆம் அதிகாரத்தில் பவுல் இந்தப் பெண்ணை நேராகவே நினைக்கிறார். நம்பாத கணவன் சேர்ந்து வாழச் சம்மதித்தால் பிரிய வேண்டாம் என்பது அவர் ஆலோசனை. சபைகளின் நடைமுறை இரண்டாகப் பிரிகிறது. பொறுமையாக இரு, உன் நடக்கையால் அவன் மாறுவான் என்பது ஒன்று. பகிரங்கமாக அறிக்கை செய்யாதது அரை விசுவாசம் என்பது மற்றொன்று. முதலாவது, அடிபடும் பெண்ணையும் பொறுத்திருக்கச் சொல்லும் ஆபத்தில் விழுகிறது. இரண்டாவது, வீட்டைவிட்டு வெளியேறினால் அவளுக்குச் சாப்பாடு யார் போடுவது என்பதற்குப் பதில் வைத்திருப்பதில்லை. சமையலறையில் பாத்திரம் கழுவியபடி முணுமுணுக்கும் ஜெபம்தான் அவளுடைய குடும்ப ஜெபம். அதைக் கணக்கில் எடுக்காத இறையியல் செங்கல்பட்டு மாவட்டத்தைப் பாதியளவே பார்க்கிறது.

தலைமையா, சமத்துவமா

உலகளவில் நடக்கும் விவாதம் தமிழுக்கும் வந்துவிட்டது. 1987-இல் அமெரிக்காவில் உருவான டான்வர்ஸ் அறிக்கை, ஆண் பெண் மதிப்பில் சமம், பொறுப்பில் வேறு என்ற நிலையை வகுத்தது. அதற்கு எதிராகச் சமத்துவ வாசிப்பும் அமைப்பாகத் திரண்டது. முதல் முகாமில் செல்வாக்குப் பெற்ற எழுத்தாளர் எலிசபெத் எலியட். மனைவியின் பணிவைப் பற்றி நிறைய எழுதிய அவரே 1987-இல் எமி கார்மைக்கேலின் வாழ்க்கை வரலாற்றையும் எழுதினார். எமி மணமாகாத மிஷனரி. 1901 முதல் டோனாவூரில் பொன்னம்மாள் போன்ற தமிழ்ப் பெண்களோடு சேர்ந்து, கோயில்களுக்கு விடப்பட்ட பெண்குழந்தைகளுக்குக் கணவன் என்ற தலைமை இல்லாத ஒரு பெரும் இல்லத்தை நடத்தியவர். மரபான இல்லறத்தை ஆதரிப்போர் போற்றும் வீடே அந்த இலக்கணத்துக்கு அடங்காத வீடு.

தமிழ்நாட்டில் மதுரை இறையியல் கல்லூரியில் கற்பித்த கேப்ரியேல் டீட்ரிச் போன்றோர் பெண்ணின் உழைப்பையும் உடலையும் இறையியலின் பொருளாக்கினர். பாமாவின் 'கருக்கு' (1992), 'சங்கதி' (1994) இரண்டும் கிறிஸ்தவச் சேரியின் பெண்களை அருகிலிருந்து காட்டின. கூலி வேலை, வீட்டு வேலை, குடித்துவிட்டு வரும் கணவன், அதோடு கோயிலிலும் கடைசி வரிசை. அங்கே இல்லம் பாதுகாப்பான கூடு என்ற அனுமானமே நிற்கவில்லை.

சட்டமும் நீண்டகாலம் பெண்ணுக்குப் பாரமாகவே இருந்தது. 1869-இன் விவாகரத்துச் சட்டப்படி மனைவியின் விபசாரம் ஒன்றே கணவனுக்குப் போதும். மனைவிக்கோ அதோடு கொடுமையோ கைவிடலோ சேர வேண்டும். இந்தப் பாகுபாடு 2001 திருத்தத்தில்தான் நீங்கியது. 132 ஆண்டுகள். 1925-இன் வாரிசுரிமைச் சட்டம் மகனுக்கும் மகளுக்கும் சம பங்கு தருகிறது. ஆனால் கல்யாணத்தில் போட்ட நகையே உன் பங்கு என்று மகளிடம் சொல்லிக் கையெழுத்து வாங்கும் வழக்கம் ஜெபிக்கும் வீடுகளிலும் இருக்கிறது. சமத்துவ வாசிப்பாளர்கள் இதை உரக்கச் சொல்வது சரி. அவர்களிடம் குறையாகத் தெரிவது ஒன்று: வீட்டுச் சமயத்தை ஒடுக்குமுறையின் கருவியாக மட்டும் பார்க்கும்போது, அதைத் தன் சொந்தமாக, தன் பலமாக உணரும் பெண்ணின் குரல் கேட்காமல் போகிறது. கைப்பிடி அரிசி நல்ல எடுத்துக்காட்டு. உலையில் அரிசி போடுமுன் ஒரு பிடியைத் தனிக் கலயத்தில் போட்டு, ஞாயிற்றுக்கிழமை கோயிலில் கொடுப்பது திருநெல்வேலிச் சபைகளில் ஊறிய வழக்கம். கையில் காசில்லாத பெண்ணும் யாரையும் கேட்காமல் கொடுக்கும் காணிக்கை அது. அப்படிச் சேர்ந்த பிடிகளால் சபை ஊழியம் நடந்தது. அதில் பணிவும் இருக்கிறது, அதிகாரமும் இருக்கிறது.

ஷிப்ட் பலகையும் ஜெப நேரமும்

மறைமலைநகர் 1980-ஐ ஒட்டிச் சென்னையின் துணை நகரமாகத் திட்டமிடப்பட்டு, மறைமலை அடிகளின் பெயர் பெற்றது. அங்கே இயங்கிய ஃபோர்டு கார் ஆலை 2022-இல் உற்பத்தியை நிறுத்தியபோது, மாதச் சம்பளத்தின்மேல் கட்டப்பட்ட பல குடும்பங்களின் நாள்முறையே மாறிப்போனது. சுற்றுவட்டாரத் தொழிற்பேட்டைகளில் கணவனுக்கு இரவு ஷிப்ட், மனைவிக்குக் காலை ஷிப்ட் என்றால் இருவரும் சேர்ந்து உட்காருவது வாரத்தில் ஓரிரு முறை. கூட்டுக் குடும்பத்து மாமியார் ஊரில் இருக்கிறார். இங்கே பல சபைகள் நடத்தும் வீட்டுக் கூட்டங்களும், செல்பேசி வழியே நடக்கும் அதிகாலை ஜெபங்களும் பழைய குடும்ப ஜெபத்தின் இடத்தைப் பகுதியாக நிரப்புகின்றன.

தேசிய நேரப் பயன்பாட்டு ஆய்வின் எண்கள் இங்கே தேவைப்படுகின்றன. 2019-இல், சம்பளமற்ற வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் அதற்காக நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடம் செலவிட்டார்கள், ஆண்கள் 97 நிமிடம். 2024-இல் அது 289-உம் 88-உம். ஐந்து ஆண்டில் பெண்ணின் சுமை பத்து நிமிடம் குறைந்தது. ஆணின் பங்கும் ஒன்பது நிமிடம் குறைந்தது. இவை எல்லா மதத்தினருக்குமான இந்திய அளவிலான எண்கள். கிறிஸ்தவ வீடுகள் விதிவிலக்கு என்று கருதக் காரணம் இல்லை. மார்த்தாள் பரிமாறிக் களைத்ததையும் மரியாள் இயேசுவின் பாதத்தில் அமர்ந்ததையும் சொல்லும் லூக்கா 10-ஐ வைத்து, மார்த்தாளைப் போலக் கவலைப்படாதே என்று பெண்களுக்குச் சொல்வது எளிது. அந்த 289 நிமிடத்தில் ஒரு பகுதியை யார் எடுத்துக்கொள்வது என்று ஆண்கள் ஐக்கிய சங்கத்தில் கேட்பது அரிது.

தீராமல் நிற்பவை

மரபு வாசிப்பு தொடர்ச்சியையும் ஒழுங்கையும் தருகிறது. அது உருவான வீட்டில் அடிமையும் இருந்தான் என்பதற்கு அது முழுப் பதில் தரவில்லை. மிஷன் மாதிரி பெண்ணுக்கு எழுத்தைத் தந்தது. வயலில் நின்றவளை நீண்டகாலம் குறைவாக எடைபோட்டது. இல்லத் திருச்சபை என்ற பார்வை இடம்கொடுக்கும் மனமுடையது. பொறுப்பை இருவருக்கும் பகிரச் சொன்னாலும் நடைமுறையைத் தொடவில்லை. சமத்துவ வாசிப்பு சட்டத்தையும் உழைப்பையும் மேசைமேல் வைத்தது. பக்தியின் உள்ளிருந்து பேசும் மொழியை இன்னும் தேடிக்கொண்டிருக்கிறது. செங்கல்பட்டின் அனுபவத்தை எடைபோட்டால், இந்த விவாதம் பெண்ணின் குணத்தையே அதிகம் பேசி, அவள் பெயரில் மனை இருக்கிறதா, அவளுக்கு நேரம் இருக்கிறதா என்பதைக் குறைவாகவே பேசியிருக்கிறது என்று சொல்ல இடமுண்டு.

தென்னிந்தியத் திருச்சபையில் 2013-இல் நந்தியாலில் புஷ்பலலிதா பேராயரானார். பலிபீடத்தில் பெண் நிற்பது வீட்டு மேசையில் யார் ஜெபிக்கிறார் என்பதை மாற்றுமா, எவ்வளவு காலத்தில் மாற்றும் என்பது இனிமேல்தான் தெளிவாகும். வீட்டுமனைப் பட்டா பெண்ணின் பெயரில் வரத் தொடங்கியிருப்பதும் அப்படித்தான். தன் பெயரில் மனை உள்ள கிறிஸ்தவப் பெண், வாடகை வீட்டில் இருப்பவளைவிடச் சுதந்திரமாகத் தன் விசுவாசத்தை நடத்துகிறாளா? தகப்பனும் சேர்ந்து ஜெபம் நடத்தும் வீட்டில் வளர்ந்த மகன், தன் கல்யாணத்தில் வரதட்சிணையை மறுக்கிறானா? கணவன் நம்பாத வீட்டில் பிள்ளைகள் தாயின் வழியில் எத்தனை தலைமுறை நிற்கிறார்கள்? காட்டாங்கொளத்தூரிலிருந்து கல்பாக்கம் வரை உள்ள சபைகளும் பங்குகளும் தங்கள் குடும்பப் பதிவேடுகளைக் கையில் வைத்துக்கொண்டு இந்தக் கேள்விகளைக் கேட்கத் தொடங்கலாம். அந்தப் பதிவேட்டில் குடும்பத் தலைவர் என்ற கட்டத்தில் எத்தனை பெண்களின் பெயர் இருக்கிறது என்பதே முதலில் பார்க்க வேண்டியது.